மாணவராகவே வாழ்ந்த ஆசிரியர்: அருட்டிரு விபுலாநந்த அடிகள்

கந்தளாய்க் குளத்தின் மதகைத் திறந்ததும் தம்பலகாமத்து வயல்வெளி முழுவதும் ஒருங்கே நனைந்துவிடுவதில்லை. நீர் பெரிய வாய்க்காலில் இறங்கி, கிளை வாய்க்காலிற் பிரிந்து, மேல்வயல் நிறைந்தபின் வரம்பில் வெட்டிய வக்கடை வழியே கீழ்வயலுக்குச் செல்கிறது. மேல்வயற்காரர் வக்கடையை அடைத்துக்கொண்டு தம் நெல்லை மட்டும் காப்போமென்று நினைத்தால் கீழ்வயல் வெடித்துப்போகும். நாட்கணக்காய்த் தேங்கிய நீரால் மேல்வயற் பயிரும் அழுகும். இதனை நம்மூர்ப் பெரியோர்க்கு எவரும் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை.

கல்வியாகிய நீருக்கும் முறை இதுவே. ஓர் ஆசிரியர் தாம் அறிந்ததைத் தம் வகுப்பறையின் நான்கு சுவர்களுக்குள் அடைத்து வைத்தால் அடுத்த வகுப்புப் பிள்ளை வாடும். புதுநீர் வந்து சேராமையால் அவருடைய கல்வியும் நாளடைவிற் பாசி பிடிக்கும். ஆசிரியர்கள் ஒருவரிடம் ஒருவர் கற்றுக்கொள்ளும் ஊரிலேதான் பிள்ளைகளின் கல்வி தழைக்கும். இவ்வுண்மையை மேடையிற் பேசுவதோடு நில்லாமல் தம் ஐம்பத்தைந்து ஆண்டு வாழ்விலே நடத்திக் காட்டியவர் ஒருவர் நம் கிழக்கிலங்கையிலே பிறந்தார். அவரே அருட்டிரு விபுலாநந்த அடிகள்.

அடிகளாரை யாழ் நூல் தந்த முனிவர் என்றும், முத்தமிழ் வித்தகர் என்றும் போற்றாதார் இலர். அப்போற்றுதல் தக்கதே. ஆயினும் இளைஞராகிய நாம் அவருடைய வாழ்வை மற்றொரு கோணத்திலும் நோக்குதல் நன்று. ஆசிரியரான பின்னும் அவர் எத்தனை முறை மாணவராய்ப் போய் அமர்ந்தார், யார் யாரைத் தம்முடன் கூட்டி அமர்த்தினார் என்பதை எண்ணிப் பார்ப்போமாக.

காரைதீவுச் சிறுவன்

மட்டக்களப்புக்குத் தெற்கே, கடலோரத்துக் காரைதீவில், 1892ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே சாமித்தம்பி என்பாருக்கும் கண்ணம்மையாருக்கும் மகனாக அடிகளார் பிறந்தார். மயில்வாகனன் என்பது அவரது பிள்ளைத் திருநாமம். ஊரிலிருந்த குஞ்சித்தம்பி ஆசிரியரிடம் எழுத்தறிவும் பழந்தமிழ் நூற்பயிற்சியும் பெற்றபின், கல்முனையிலும் மட்டக்களப்பிலும் மெதடிஸ்த மிஷனார் நடத்திய பாடசாலைகளிற் பயின்று, பின்னர் யேசுசபைக் குருமார் நடத்திய புனித மிக்கேல் கல்லூரியிற் சேர்ந்தார். 1908ஆம் ஆண்டு, பதினாறு வயதிலே, கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையிற் சித்தியெய்தினார்.

இவ்விடத்திலே ஒரு வார்த்தை. இதனை எழுதும் யானும் மிஷன் பாடசாலையிற் படித்து வந்தவன். அங்கே படித்தவன் தன் சமயத்தையும் மொழியையும் இழந்துவிடுவான் என்று அஞ்சுவோரும் உளர். அங்கே படித்ததனாலேயே பிறரினும் உயர்ந்தவன் என்று எண்ணுவோரும் உளர். மயில்வாகனனார் வாழ்வு இவ்விரு சாராருக்கும் விடையளிக்கின்றது. குருமாரிடம் அவர் கணிதத்தையும் விஞ்ஞானத்தையும் மணி தவறாத ஒழுங்கையும் வாங்கிக்கொண்டார். வீட்டிலும் ஊரிலும் பெற்ற கந்தபுராணத்தையும் பாரதத்தையும் கைவிட்டாரல்லர். பிற்காலத்திலே அவர் இந்துப் பாடசாலைகளை நடத்தியபோது, மிஷனாரிடம் கண்ட நல்லொழுங்கு அவற்றிலும் இருந்தது. நல்லது எங்கிருந்து வந்தாலும் கொள்வதே கற்றவர்க்கு அழகு.

மூன்று முறை மாணவர்

பரீட்சையிற் சித்தியடைந்த அவ்விளைஞர், தாம் கற்ற புனித மிக்கேல் கல்லூரியிலேயே ஆசிரியரானார். அக்காலத்தில் ஆங்கிலம் கற்ற ஒருவருக்குக் கையில் உத்தியோகமும் ஊரில் மதிப்பும் இருந்தால், அதற்குமேல் என்ன வேண்டும்? பலர் அவ்வளவில் அமைந்துவிடுவர். மயில்வாகனனார் அமையவில்லை. 1911இல் வேலையை விட்டுக் கொழும்பு அரசினர் ஆசிரிய பயிற்சிக் கலாசாலையிலே மாணவராய்ச் சேர்ந்தார். கற்பித்தலும் ஒரு கலை என்பதையும், அக்கலையைப் பிற ஆசிரியரோடு கூடியிருந்தே கற்கவேண்டும் என்பதையும் அங்கே கண்டார். அதே காலத்தில் கொழும்பிலிருந்த தென்கோவைக் கந்தையபிள்ளை முதலிய அறிஞரை அடுத்துத் தமிழ் நூல்களையும் ஆழ்ந்து கற்றார்.

1912இல் பயிற்சி முடித்து மட்டக்களப்புக்கு மீண்டவர், சில ஆண்டுகள் கற்பித்தபின், 1915இல் இரண்டாம் முறையும் மாணவரானார். இம்முறை கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியிலே விஞ்ஞானம் பயின்று 1916இல் டிப்ளோமாப் பட்டம் பெற்றார். அதே ஆண்டிலேயே மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டித பரீட்சையிலும் தேறினார். இலங்கையிலிருந்து அப்பரீட்சையில் முதன்முதலாகத் தேறியவர் அவரே. பகலிலே குடுவையும் தராசும், இரவிலே தொல்காப்பியமும் சிலப்பதிகாரமும் என்று அவர் வாழ்ந்த ஓராண்டை நாம் மனத்திலே எண்ணிப் பார்க்கவேண்டும். விஞ்ஞானம் படிப்பவனுக்குத் தமிழ் வேண்டாம், தமிழ் படிப்பவனுக்கு விஞ்ஞானம் வாராது என்று இன்றைக்கும் பேசுகின்றோமன்றோ? அப்பேச்சு அவரிடம் செல்லாது.

1917இல் யாழ்ப்பாணத்துச் சம்பத்திரிசியார் கல்லூரியிலே விஞ்ஞான ஆசிரியரானார். அங்கே கற்பித்துக்கொண்டே, மூன்றாம் முறையும் மாணவராய், இலண்டன் பல்கலைக்கழகத்தின் பீ. எஸ்ஸி. பரீட்சைக்குத் தாமே படித்துப் பட்டதாரியானார். 1920இல் மானிப்பாய் இந்துக் கல்லூரி அவரைத் தலைமையாசிரியராக அழைத்தது.

தலைமையாசிரியரான பின் அவர் பார்வை தம் பாடசாலையின் மதிலோடு நிற்கவில்லை. வட இலங்கையிலே தமிழும் வடமொழியும் கற்பிக்கும் ஆசிரியர் பலர் ஆங்காங்கே தனித்துக் கிடந்தனர். அவரவர் திறமை அவரவர் திண்ணையோடு நின்றது. ஒரு திண்ணையிற் படித்தவன் கல்வியை மற்றொரு திண்ணை மதிக்க ஒரு பொது அளவுகோல் இல்லை. 1921இல் யாழ்ப்பாணத்து அறிஞர்கள் ஒன்றுகூடி ஆரிய திராவிட பாஷாபிவிருத்திச் சங்கத்தை நிறுவினர். அதனை நிறுவ முன்னின்றோருள் மயில்வாகனனாரும் ஒருவர். பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் என மூன்று படிகளாகப் பரீட்சை வகுத்து அச்சங்கம் நடத்தியது. பரீட்சை என்றால் மாணவரை வடிகட்டும் சல்லடை என்று மட்டும் நாம் நினைக்கின்றோம். பலரும் ஒப்பும் பாடத்திட்டம் வகுக்கவேண்டுமாயின், எந்நூலை எந்த வகுப்பில் வைப்பது, எவ்வளவு கேட்பது, எப்படிப் புள்ளியிடுவது என்று ஆசிரியர்கள் முதலில் தம்முள் இருந்து ஆராயவேண்டும். அந்த ஆராய்ச்சியே ஆசிரியர்க்கு ஒரு பாடசாலையாகும்.

துறவு

இலங்கைக்கு எழுந்தருளிய சுவாமி சர்வாநந்தரின் தொடர்பினால் இராமகிருஷ்ண சங்கத்தில் மயில்வாகனனாருக்கு ஈடுபாடு வளர்ந்திருந்தது. 1922இல் அவர் தலைமையாசிரியர் பதவியைத் துறந்து, சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தை அடைந்து, பிரபோத சைதன்யர் என்னும் பெயருடன் பிரமசரியரானார். முப்பது வயதுப் பட்டதாரி, தலைமையாசிரியர், பண்டிதர், மீண்டும் கடைசி வரிசை மாணவராய் அமர்ந்த காட்சி இது. மடத்திலே இராமகிருஷ்ண விஜயம் என்னும் தமிழ்ப் பத்திரிகைக்கும், வேதாந்த கேசரி என்னும் ஆங்கிலப் பத்திரிகைக்கும் ஆசிரியராய் உழைத்தார். 1924ஆம் ஆண்டு சித்திரைப் பூரணையிலே, ஸ்ரீ இராமகிருஷ்ணரின் நேர்ச் சீடராகிய சுவாமி சிவாநந்தரிடம் சந்நியாசம் பெற்று விபுலாநந்தரானார். விபுலம் என்பது விரிவு. பெயர்க்கேற்ப அவர் பணியும் விரிந்தது.

திருகோணமலையில்

1925இல் அடிகளார் இலங்கைக்கு மீண்டார். கிழக்கிலங்கைக்கு அது நல்ல காலம். அதே ஆண்டிலேயே திருகோணமலை இந்துக் கல்லூரி இராமகிருஷ்ண மிஷனின் பொறுப்பில் வந்தது. அடிகளார் அதன் தலைமையை ஏற்றார். இன்று ஸ்ரீ கோணேஸ்வர இந்துக் கல்லூரி என்று வழங்குவது அக்கல்லூரியே. கோணைநாதர் மலையின் அடியிலே, துறைமுகப் பட்டினத்திலே, காவியுடுத்த விஞ்ஞானப் பட்டதாரி ஒருவர் பிள்ளைகளுக்குக் கல்வி நடத்தினார் என்பதை நம் மாவட்டத்தார் இன்றும் பெருமையோடு நினைக்கின்றனர்.

யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணை வைத்தீஸ்வர வித்தியாலயமும், மட்டக்களப்புப் பகுதியின் மிஷன் பாடசாலைகள் பலவும் அவர் கண்காணிப்பில் வளர்ந்தன. 1929இல் மட்டக்களப்புக் கல்லடி உப்போடையிலே, தம் குருநாதர் திருப்பெயரால் சிவாநந்த வித்தியாலயத்தை நிறுவினார். ஏழைப் பிள்ளைகள் தங்கிப் படிக்க மாணவர் இல்லமும் அமைந்தது.

ஒருவர் பல ஊர்ப் பாடசாலைகளைக் கொண்டு நடத்துவதில் ஒரு பெரும் நன்மையுண்டு. ஒரு பாடசாலையில் நன்றாய் நடக்கும் காரியத்தை அவர் கண்ணாற் கண்டு மற்றொன்றுக்குக் கொண்டுசெல்ல முடியும். தமிழில் வல்லாரை ஓரிடத்திலும், கணிதத்தில் வல்லாரை மற்றோரிடத்திலும் அமர்த்தி ஒருவரால் ஒருவர் பயன்பெறச் செய்ய முடியும். புலவர்மணி பெரியதம்பிப்பிள்ளை போன்ற தமிழாசிரியர்கள் அடிகளாரோடு நெருங்கிப் பழகி உருவானவர்கள். அவர்கள் வழியாய் அடிகளார் கல்வி மட்டக்களப்பு மண்ணிலே ஊரூராய்ப் பரந்தது.

மிஷன் பாடசாலைகள் 1960, 1961ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் அரசாங்கத்தின் கைக்குச் சென்றன. நிருவாகம் மாறினும் அவர் இட்ட அத்திவாரம் மாறவில்லை.

சிதம்பரமும் சென்னையும்

1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அடிகளாரைத் தன் முதல் தமிழ்ப் பேராசிரியராக அழைத்தது. 1933 வரையும் அங்கே பணிபுரிந்தார். பழந்தமிழ்ப் பண்டிதர் பலர் பாரதியாரைக் கவிஞராக எண்ணவும் தயங்கிய அந்நாளிலே, பல்கலைக்கழக மாணவரிடையே பாரதியின் பெருமையை எடுத்துரைத்தார். பகலிலே பட்டதாரி மாணவர்க்குச் சங்கநூல் விரித்தவர், மாலையிலே அயலிலிருந்த திருவேட்களத்துச் சேரிக்குச் சென்று அங்குள்ள பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தார். சாதி வேற்றுமை மலிந்த அக்காலத்தில் இது எத்தகைய துணிவு என்பதைப் பெரியோர் அறிவர்.

அடிகளார் வாழ்விலே ஆசிரியர் கூட்டுக் கல்விக்குத் தலைசிறந்த சான்று எதுவென்று கேட்பின், கலைச்சொல்லாக்கப் பணியையே யான் சொல்வேன். தாய்மொழியிலே விஞ்ஞானம் கற்பிக்கவேண்டும் என்னும் வேட்கை அந்நாளில் ஓங்கியது. வேட்கையிருந்தும் சொல் இல்லை. வகுப்பிலே ஆசிரியர் கரும்பலகைமுன் நின்று, ஓர் ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் தேடித் தவிப்பார். ஓர் ஊர் ஆசிரியர் தாமே ஒரு சொல்லை ஆக்குவார். அடுத்த ஊரார் வேறொன்றை ஆக்குவார். பிள்ளை பாடசாலை மாறினால் பாஷையே மாறிப்போகும்.

1934இல் தோன்றிய சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் இக்குறையைத் தீர்க்க முன்வந்தது. பௌதிகம், இரசாயனம், கணிதம், தாவரநூல், விலங்குநூல், உடல்நூல், பூமிசாஸ்திரம், சரித்திரம், விவசாயம் என ஒன்பது துறைகளுக்குச் சொல் தேடினர். 1936இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிலே கூடிய சொல்லாக்க மாநாட்டுக்கு அடிகளார் தலைமை தாங்கினார். அப்பணியின் பயனாய் ஏறத்தாழப் பதினாயிரம் சொற்கள் கொண்ட கலைச்சொற்கள் என்னும் நூல் 1938இல் வெளிவந்தது.

இப்பணி ஏன் ஒருவரால் இயலாது என்பதைச் சிறிது ஆராய்வோம். இரசாயனம் கற்பிப்பவருக்குப் பொருள் தெரியும். தமிழ் வேர்ச்சொல் தெரியாது. பண்டிதருக்கு வேர்ச்சொல் தெரியும். அப்பொருள் குடுவைக்குள்ளே என்ன செய்கிறது என்பது தெரியாது. சொல் எவ்வளவு அழகாயிருப்பினும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் நாவிற் புரளுமா என்பதை நாள்தோறும் வகுப்பிலே நிற்கும் ஆசிரியரே அறிவார். இம்மூவரும் ஒரு மேசையைச் சூழ்ந்திருந்து, ஒருவர் சொல்லை மற்றவர் மறுத்து, மறுத்ததை மீண்டும் திருத்தி, முடிவிலே எல்லாரும் ஏற்கும் ஒரு சொல்லை எழுதவேண்டும். தம் சொல் தள்ளப்பட்டதே என்று எழுந்து போகிறவரால் இந்த வேலை நடவாது. விஞ்ஞானப் பட்டமும் பண்டிதப் பட்டமும் ஒருங்கே பெற்று, பள்ளி ஆசிரியராயும் இருந்த அடிகளார் இம்மூவர் பாஷையும் அறிந்தவர். ஆதலால் அக்கூட்டத்துக்குத் தலைமை தாங்க அவரினும் தக்கார் இலர். இன்று நாம் தமிழிலே விஞ்ஞானம் படித்துப் பரீட்சை எழுதுகின்றோம். அதற்குரிய சொற்களுக்கு வழிதிறந்தோர் அம்மேசையைச் சுற்றியிருந்த ஆசிரியர்கள்.

யுத்த காலம்

1939இல் அடிகளார் இமயமலைச் சாரலிலுள்ள மாயாவதி ஆச்சிரமத்துக்குச் சென்று, பிரபுத்த பாரதம் என்னும் ஆங்கிலப் பத்திரிகையின் ஆசிரியராய் 1941 வரை விளங்கினார். அதற்கிடையே உலக யுத்தம் மூண்டுவிட்டது. அவர் பிள்ளைகளுக்குக் கல்வி நடத்திய திருகோணமலை, பிரித்தானியக் கடற்படையின் பெரும் நிலையமாயிற்று. நம் ஊருக்கு அண்மையிலுள்ள சீனன்குடாவிலே எண்ணெய்த் தாங்கிகள் அணிவகுத்து நின்றன. 1942 ஏப்பிரல் 9ஆந் திகதி காலையிலே, ஜப்பானியப் படைக்கப்பல்களிலிருந்து எழுந்த விமானங்கள் திருகோணமலை மீது குண்டு பொழிந்தன. தாக்குதல் வருமென்று அறிந்து கப்பல்கள் முன்னிரவே துறைமுகத்தை விட்டு விலகியிருந்தன. ஆயினும் அவ்வாறு விலகிய ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் அன்றே மட்டக்களப்புக் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. எண்ணெய்த் தாங்கி ஒன்று தீப்பற்றி எரிந்த கதையை நம் பாட்டன்மார் சொல்லக் கேட்டோர் இன்றும் உளர்.

அன்று நம் வானத்திற் குண்டு கொணர்ந்த ஜப்பான் தேசம், இன்று தன் வானத்தை எண்ணி அஞ்சுகின்றது. 1998இல் வடகொரியா ஏவிய ஏவுகணை ஒன்று ஜப்பானின் மேலாகப் பறந்து சென்றது. 2003 டிசம்பரில் அத்தேசத்து அரசு, வரும் ஏவுகணையை வழியிலேயே தகர்க்கும் பாதுகாப்பு முறையை அமைப்பதெனத் தீர்மானித்தது. கடலிலே ஈஜிஸ் கப்பல்கள் உயரத்திற் செல்வதைத் தடுக்கும். தரையிலே பேட்ரியட் படைக்கலம் தப்பி வருவதைத் தடுக்கும். தரையிலும் ஈஜிஸ் நிலையங்களை நிறுவ எண்ணிய அரசு, 2020இல் அத்திட்டத்தைக் கைவிட்டது. காக்கவெனச் செலுத்தும் கணையின் உந்துபகுதி கழன்று சொந்தக் குடிகளின் மேலேயே விழக்கூடும் என்பதும், அதனைத் திருத்தும் செலவும் காலமும் மிக அதிகம் என்பதும் அதற்குக் காரணங்கள். கேடயம் வேண்டாம் என்று எவரும் சொல்லார். ஆனால் கேடயத்தின் எல்லை எதுவென்பதை இது காட்டுகிறது.

அதே ஜப்பான் தேசத்திலே, மெய்ஜி மன்னர் காலம் முதலாக வளர்ந்து வந்த மற்றொரு வழக்கமும் உண்டு. ஒரு பாடசாலையின் ஆசிரியர்கள் ஒன்றுகூடி ஒரு பாடத்தைத் திட்டமிடுவர். அவருள் ஒருவர் அதனை வகுப்பிலே நடத்துவார். ஏனையோர் பின்னால் நின்று, ஆசிரியரையன்று, பிள்ளைகளையே நோக்குவர்: யாருக்கு விளங்கியது, எந்த இடத்திலே பிள்ளை தடுமாறியது என்று குறித்துக்கொள்வர். பின்பு எல்லாரும் இருந்து பேசிப் பாடத்தைத் திருத்துவர். இதனைப் பாட ஆய்வு என்பர். யுத்தத்திலே சாம்பலான அத்தேசம் மீண்டும் எழுந்தமைக்குக் காரணம் பலவாயினும், இத்தகைய ஆசிரியர் உழைப்பும் அவற்றுள் ஒன்றெனலாம். பீரங்கி ஒரு துறைமுகத்தை ஒரு பொழுது காக்கலாம். ஒரு தலைமுறையை அறியாமையினின்று காப்பவர் ஆசிரியரே. பீரங்கிகள் நிறைந்த நம் துறைமுகப் பட்டினத்துக்கு அடிகளார் ஏன் ஒரு பாடசாலையைத் தேடி வந்தார் என்பது இப்போது விளங்கும்.

யாழ் நூல்

இலங்கைப் பல்கலைக்கழகம் 1942இல் தோன்றியது. 1943இல் அதன் முதல் தமிழ்ப் பேராசிரியராக அடிகளார் அமர்ந்தார். உடல் நலிந்து வந்தது. உள்ளமோ யாழிலே தோய்ந்திருந்தது.

சிலப்பதிகாரத்திலே கூறப்பட்ட யாழ் எப்படியிருந்தது, அதன் நரம்புகள் எம்முறையிற் சுருதி கூட்டப்பட்டன என்பதை நூற்றாண்டுகளாய் எவரும் தெளிவுறச் சொல்லவில்லை. கருவி மறைந்து பெயர் மட்டும் எஞ்சியது. அடிகளார் பதினான்கு ஆண்டு இதனை ஆராய்ந்தார். புனித மிக்கேல் கல்லூரியிற் கற்ற கணிதமும், தொழில்நுட்பக் கல்லூரியிற் கற்ற பௌதிகமும், மதுரைப் பண்டிதப் பயிற்சியும் இவ்வாராய்ச்சியிலே ஒன்றுகூடின. நரம்பின் நீளத்துக்கும் அதன் ஒலிக்குமுள்ள கணக்கைக் கொண்டு இளங்கோவடிகளின் சொல்லுக்குப் பொருள் கண்டார். ஓரிடத்திற் கற்றது எதுவும் வீண்போவதில்லை என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டுமோ?

இப்பெரும் பணியையும் அவர் தனித்துச் செய்தாரல்லர். அண்ணாமலையில் அவரிடம் கற்ற க. வெள்ளைவாரணர் ஆராய்ச்சிக்கு உடனிருந்து உதவினார். இசைவல்லார் பாடியும் மீட்டியும் பார்த்தனர். கரந்தைத் தமிழ்ச் சங்கத்தார் நூலை வெளியிடும் பொறுப்பை ஏற்றனர். பாயிரவியல் முதல் ஒழிபியல் ஈறாக ஏழு இயல்களாய் அமைந்த அந்நூல், 1947 ஜூன் 5, 6ஆந் திகதிகளிலே சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேறியது. ஞானசம்பந்தப் பெருமான் பதிகம் பாடி ஓடத்தைக் கரைசேர்த்தார் என்று புராணம் கூறும் தலம் அது. பழைய இலக்கணப்படி செய்த யாழ்களை ஊர்வலமாய்க் கொண்டுவந்து, அறிஞரும் இசைவாணரும் கூடிய அவையிலே இசைத்துக் காட்டினர்.

ஓடம் கரைசேர்ந்தது; ஓட்டியவர் நெடுநாள் தங்கவில்லை. அரங்கேற்றம் முடிந்து ஏழு வாரம் கழியுமுன், 1947 ஜூலை 19ஆந் திகதி கொழும்பிலே அடிகளார் மகாசமாதியடைந்தார். திருவுடலை மட்டக்களப்புக்குக் கொணர்ந்து, அவர் கட்டி வளர்த்த சிவாநந்த வித்தியாலய வளவிலேயே சமாதி வைத்தனர். பிள்ளைகள் பாடம் படிக்கும் ஒலி கேட்கும் இடத்திலே அவர் துயில்கின்றார்.

நமக்குரிய பாடம்

பெரியோர்களே, சங்கத்து இளைஞர்களே! அடிகளார்க்கு விழா எடுப்பதும், படத்துக்கு மாலை சூட்டுவதும், மாணவர்க்குப் பேச்சுப் போட்டி வைப்பதும் நல்லனவே. அவை அவ்வளவில் நின்றுவிட்டால் அவர் மகிழ்வாரோ என்பது ஐயம்.

நம் பகுதியின் நிலையை மனத்திற் கொள்க. 2009இல் முடிவுற்ற நீண்ட யுத்தத்தின்போது நம் மக்கள் பலர் ஊர்விட்டு ஊர் பெயர்ந்தனர். படிப்பை இடையில் விட்ட பிள்ளைகள் இன்று பெற்றோராயுள்ளனர். அவர்தம் பிள்ளைகளுக்கு வீட்டிலே பாடம் சொல்லிக் கொடுப்பார் குறைவு. ஆதலின் பாடசாலை ஆசிரியரே அவர்களுக்கு முழுத் துணை. வயல் நடுவிலுள்ள சிறு பாடசாலையிலே ஒரு பாடத்துக்கு ஓர் ஆசிரியரே இருப்பார். தமக்கு எழும் ஐயத்தை அவர் யாரிடம் கேட்பார்? கேட்டால் குறைவாக நினைப்பாரோ என்று கூசுவார். அந்தக் கூச்சத்தின் விலையைப் பிள்ளைகள் பரீட்சை மண்டபத்திலே கொடுக்கின்றனர்.

பதினாறு வயதிலே கேம்பிரிட்ஜ் பரீட்சை தேறியவர் கூசவில்லை. தலைமையாசிரியர் நாற்காலியை விட்டு எழுந்துபோய் மாணவர் வரிசையில் அமர்ந்தவர் கூசவில்லை. பின் நாம் கூசுவானேன்? மாதத்தில் ஒரு நாள், ஆதி கோணநாயகர் சந்நிதிக்கு அண்மையில் ஏதேனும் ஒரு மண்டபத்திலே, நம் அயற் பாடசாலைகளின் கணித ஆசிரியர்கள் ஒன்றுகூடலாம். அடுத்த மாதம் விஞ்ஞான ஆசிரியர்கள் கூடலாம். பிள்ளைகள் விளங்காமல் விட்ட ஒரு பாடத்தை எடுத்து, ஒருவர் நடத்த மற்றவர் பார்த்துப் பேசலாம். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் தம் நீண்ட அனுபவத்தைக் கொண்டு வரலாம். பல்கலைக்கழகத்திலிருந்து விடுமுறைக்கு வரும் எம்போன்றோர் புதிதாய்க் கற்றதைக் கொண்டு வரலாம். பாய் விரிப்பதும் தேநீர் கொடுப்பதும் இளைஞர் சங்கத்தின் வேலையாகட்டும். பெருஞ்செலவு இதற்கு வேண்டியதில்லை. தமக்குத் தெரியாததைத் தெரியாதென்று சொல்லும் மனமும், தெரிந்ததைப் பிறர்க்குக் கொடுக்கும் மனமும் இருந்தாற் போதும்.

அடிகளாரின் அடுத்த நினைவு நாளுக்குள் அத்தகைய கூட்டம் ஒன்றேனும் நம்மூரிலே நடந்துவிடுமாயின், அன்று சூட்டும் மாலை அவர் திருவுருவுக்கு மெய்யாகவே பொருந்தும். வக்கடையைத் திறப்போம், நீர் தானே பாயும்.

வாழ்க அடிகளார் திருநாமம்! வளர்க நம் பிள்ளைகள் கல்வி!